ஹெல்மட் மாட்டும் ஆணிக்கும் அனுமதியா?

தோட்டத்துத் துரைமாருக்கு இப்போது ஒரு புதுக் கவலை பிடித்திருக்கிறது. பாதி மலை காடாகிக் கிடக்கிறதே என்ற கவலையா? இல்லை. லயத்துப் பீலி உடைந்து மாதக்கணக்காகிறதே என்ற கவலையா? அதுவும் இல்லை. லயத்துக்குப் பின்னால் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பிள்ளைகள் நாலு தகரத்தை வைத்து அடித்திருக்கும் சின்னக் கொட்டில்தான் அவர்களுடைய கண்ணை உறுத்துகிறது.

எங்கள் வட்டாரத்துத் தோட்டமொன்றில், லயங்களை ஒட்டிப் போட்டிருக்கும் "அனுமதியற்ற கட்டுமானங்களை" 14 நாட்களுக்குள் பிரித்துவிட வேண்டுமென்று பிரட்டுக்களத்தில் அறிவித்தல் ஒட்டினார்கள். கட்டுமானம் என்றதும் ஏதோ மாடி வீடு எழும்பிவிட்டது போலிருக்கிறது என்று நாங்களும் போய்ப் பார்த்தோம். ஆறடி நீளம், நாலடி அகலம். மேலே பழைய தகரம், மூன்று பக்கமும் பலகை. உள்ளே ஆணியில் இரண்டு ஹெல்மட், கம்பியில் மூன்று மழைக்கோட்டு, ஒரு தடித்த ஜக்கெட், ஒரு சோடி கையுறை, கீழே சேறு காயாத பூட்ஸ். நாங்கள் பார்த்த "கட்டுமானம்" இவ்வளவுதான்.

இதைக் காம்பராவுக்குள்ளேயே வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஒரு நாளாவது காம்பராவில் படுத்திருக்கிறார்களா? பத்தடிக்குப் பன்னிரண்டடி. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. அதற்குள்தான் அப்பா, அம்மா, வயதுக்கு வந்த பிள்ளைகள், இருமிக்கொண்டு கிடக்கும் பாட்டி எல்லோரும். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்று பிள்ளையிடம் கேட்டால், "கொப்பி வைக்க எடமில்ல சேர்" என்கிறது. ஈரம் சொட்டும் மழைக்கோட்டை அந்தப் பிள்ளையின் தலைமாட்டிலா தொங்கவிடுவது?

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் பிடிக்கிற மழை செப்டம்பர் வரை விடாது. பதுளைப் பக்கம் வருஷக் கடைசியில் ஆரம்பிக்கும். இந்த மாதங்களில் வெயில் என்பதே எப்போதாவது கண்ணில் படும் பொருள். நனைந்த கோட்டைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினால் மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கிறது, ஒரு வாரத்தில் ஒட்டுப் பிரிகிறது. ஹெல்மட்டின் உள்துணியும் அப்படித்தான். அந்தப் பூஞ்சண நாற்றத்தைத் தலையில் போட்டுக்கொண்டு எவனும் பத்து மைல் ஓட மாட்டான். கழற்றிப் பெற்றோல் தாங்கியின் மேல் வைத்துக்கொண்டு ஓடுவான். பொலிஸ் நிற்கும் சந்தி வந்ததும் எடுத்து மாட்டிக்கொள்வான். சட்டத்துக்குப் போடும் ஹெல்மட் அது. விழுவது பொலிஸ் நிற்கும் சந்தியில் மட்டும் அல்லவே!

சரி, அடுப்படியில் வைக்கலாமே என்பார்கள். பலர் அதைத்தான் செய்கிறார்கள், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெல்மட்டுக்குள்ளே, துணிக்குப் பின்னால், ரெஜிபோம் மாதிரி ஒரு தடித்த வெள்ளைப் படலம் இருக்கிறது. தலையைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு அதற்குத்தான். விழும்போது அது நசுங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. அடுப்புச் சூட்டில் தொடர்ந்து கிடந்தால் அது கெட்டுப்போகும். பெற்றோலோ தின்னரோ பட்டால் கரைந்தே போகும். வெளியே பார்த்தால் ஹெல்மட் புதிதுபோல மினுங்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. ஒருமுறை பலமாக அடிபட்டதும் அப்படித்தான், நசுங்கிய படலம் பழையபடி எழும்பாது, அந்த ஹெல்மட்டை மாற்றத்தான் வேண்டும். ஆகவே, சூடும் புகையும் படாமல், காற்றோட்டமாக, எலி ஏறாத உயரத்தில் ஓர் ஆணி. இதற்கு லயத்தில் எங்கே இடம்?

எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறோம். கொட்டில் இருக்கிறதே என்று பெற்றோல் போத்தல், மண்ணெண்ணெய்க் கேன், புல்லுக்கு அடிக்கும் மருந்து எல்லாவற்றையும் ஹெல்மட்டுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைக்கிறீர்கள். அது கூடாது. மருந்து அடித்த உடுப்பையும் மழைக்கோட்டையும் ஒரே கம்பியில் போடுவதும் கூடாது. அந்தக் கோட்டுக்குள்தான் நாளைக்குப் பிள்ளையைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறீர்கள்.

"பைக் வாங்கப் பணம் இருக்கிறது, அப்புறம் என்ன கஷ்டம்" என்று அலுவலகத்தில் ஒருவர் நக்கலாகச் சொன்னாராம். பணமிருந்தா வாங்கினார்கள்? லீசிங்கில் வாங்கியது அது. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். 1000 ரூபா நாட்சம்பளத்துக்காக எத்தனை வருஷம் வீதியில் நின்றோம், 2021இல்தானே அது கைக்கு வந்தது? அந்தச் சம்பளத்தை நம்பி இருக்க முடியாது என்றுதான் பிள்ளைகள் டவுனுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிறார்கள். மேல் கணக்கிலிருந்து பஸ் வரும் ரோட்டுக்கு இறங்கவே ஒரு மணித்தியாலம். கடைசி பஸ் போய்விட்டால் நடைதான். இரவில் பாட்டிக்கு மூச்சு முட்டினால் யாருடைய வாகனம் வருகிறது? துரையின் ஜீப்பா? நல்ல ஹெல்மட் ஒன்று வாங்க எத்தனை பேர் போட வேண்டும் என்று கணக்குப் பார்த்தவன்தான் அதை வைக்க ஓர் இடம் தேடுகிறான். அதைப் பாராட்ட வேண்டாமா?

மலைக்கு முதலில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் யார்? சின்னத் துரைமார்தானே! அவர்களுடைய பங்களாவில் கராஜ் இருக்கிறது, கோட்டுக் கழற்ற ஒரு மூலை இருக்கிறது. அதற்கும் முந்திய காலத்தில் வெள்ளைக்காரத் துரையின் குதிரைக்கு லாயம் இருந்தது. குதிரைக்கு லாயம், எங்களுக்கு லயம். வித்தியாசம் ஒரு காலெழுத்துத்தான்.

நிர்வாகம் சொல்லும் காரணங்களையும் பார்ப்போம். தீப்பிடிக்கும் என்கிறார்கள். தீயென்றால் எங்களுக்கும் பயம்தான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் மற்றதெல்லாம் போய்விடும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியானால் பெற்றோல் நிறைந்த பைக்கும் அதன் சாமானும் இஸ்தோப்பில் நிற்பது நல்லதா, சற்றுத் தள்ளி வெளியே நிற்பது நல்லதா? காண் அடைபடும் என்கிறார்கள். அது நியாயம். காணை மூடியோ நடைபாதையை மறித்தோ போட்டிருந்தால் நாங்களே நின்று மாற்றி வைப்போம். மண்மேட்டை வெட்டாதீர்கள் என்கிறார்கள். அதுவும் நூற்றுக்கு நூறு நியாயம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. கொட்டிலுக்காகப் பின்மேட்டை ஓர் அடிகூட வெட்டக் கூடாது. ஆனால் அந்த அறிவித்தலில் காணும் இல்லை, மண்மேடும் இல்லை. "தோட்டக் காணி" என்ற ஒரு வார்த்தைதான் இருக்கிறது.

ஆக, விஷயம் கொட்டில் அல்ல, காணி. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைத் திரும்பவும் கம்பனிகளிடம் கொடுத்தது, காணியைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரர் அவர்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து இதே மண்ணுக்குப் பசளையானவர்கள் நாங்கள். எங்களிடம் காகிதம் இல்லை, அவர்களிடம் இருக்கிறது. கிராமத்திலே ஒருவர் தன் காணியில் ஒன்றைக் கட்டப் பிரதேச சபைக்குப் போகிறார், விதி இருக்கிறது, படிவம் இருக்கிறது. லயத்தில் இருப்பவர் துரையின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு மேலே 1979ஆம் ஆண்டின் அரச காணி உடைமை மீட்புச் சட்டத்தைக் காட்டி மிரட்டுவார்கள். அந்தச் சட்டத்தில் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், எழுத்தில் அனுமதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எத்தனை தலைமுறையாக இருக்கிறீர்கள் என்று அங்கே கேட்க மாட்டார்கள். "துரை வாயால சரின்னு சொன்னாரு" என்பது அங்கே செல்லாது. எழுத்து வேண்டும் என்று நாங்கள் மறுபடி மறுபடி சொல்வது இதனால்தான்.

காணியும் தனி வீடும் வருகிறது, அதுவரை பொறுங்கள் என்று அரசியல்வாதிகள் சொல்வார்கள். வீடு கிடைத்த குடும்பங்களைப் பார்த்து நாங்களும் சந்தோஷப்படுகிறோம். கிடைக்காதவர்கள்? இந்த வருஷ மழைக்கு அவர்கள் கோட்டை எங்கே மாட்டுவார்கள்?

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது பெரிய காரியம் அல்ல. காணையும் பாதையையும் மேட்டையும் தொடாத, சீமெந்து போடாத கொட்டில்களுக்கு ஒவ்வொரு குடும்பத்தின் பேரிலும் எழுத்தில் அனுமதி தர வேண்டும். எதைப் பிரிப்பதென்றாலும் முதலில் தோட்டக் கமிட்டியோடு வந்து அளந்து பார்த்துப் பேச வேண்டும். புது வீட்டுத் திட்டங்களின் வரைபடத்தில் பின்பக்கம் சாய்ப்பு ஒன்று முதலிலேயே இருக்க வேண்டும்.

அறிவித்தல் கிடைத்தவர்கள் அதில் கையெழுத்துப் போடாதீர்கள், தானாகப் பிரிக்கவும் வேண்டாம். கடிதத்தைத் தலைவரிடம் காட்டிப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டிலின் நீளம் அகலத்தையும், காணிலிருந்து எத்தனை அடி தள்ளியிருக்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள், ஹெல்மட்டும் கோட்டும் தெரியும்படியாக. எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள், நாங்கள் சொல்லி வைத்திருக்கிறோம். எல்லாத் தாளும் சம்பள நாளுக்கு முன்னால் கமிட்டியின் கைக்கு வந்து சேர வேண்டும்.