ஓய்வூதியம் கருணையல்ல, உழைத்தவரின் நிலுவை

கர்நாடகத்தின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் வாழ்நாள் முழுவதும் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஊழியர்களும் தங்கள் ஓய்வூதியத்திற்காகப் போராட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளனர். ஓய்வூதியச் செலவை உள்வருவாயிலிருந்தே ஈடுகட்டிக்கொள்ளுங்கள் என்று மாநில அரசு பல்கலைக்கழகங்களிடம் கூறுகிறது. மைசூர் பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்றோர் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினர். தமிழ்நாட்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இதே நெருக்கடியில்தான் சிக்கியிருக்கிறது. இது சில நிறுவனங்களின் நிர்வாகக் கோளாறு அல்ல. உயர்கல்விக்கான பொறுப்பிலிருந்து அரசுகள் படிப்படியாகக் கைகழுவிக்கொள்வதன் விளைவே இது.

உள்வருவாய் என்பது பெரும்பாலும் மாணவர்கள் செலுத்தும் கட்டணமும், கல்லூரிகள் செலுத்தும் இணைப்புக் கட்டணமும்தான். 2017-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, கோலாரில் பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் உருவானது. இணைப்புக் கல்லூரிகளும் அவற்றின் வருவாயும் புதிய பல்கலைக்கழகங்களுக்குச் சென்றன. பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த ஓய்வூதியப் பொறுப்போ பழைய நிறுவனத்திடமே நின்றுவிட்டது. வரவைப் பிரித்துக் கொடுத்த அரசு, செலவை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. அதாவது, ஏழை மாணவரின் கட்டணத்தை உயர்த்துங்கள், இல்லையேல் முதியவரின் ஓய்வூதியத்தை நிறுத்துங்கள் என்கிறது. ஆசிரியரையும் மாணவரையும் எதிரெதிரே நிறுத்தும் இந்த ஏற்பாட்டை இரு தரப்பும் நிராகரிக்க வேண்டும்.

பணியில் இருப்போரின் நிலையும் பாதுகாப்பானதல்ல. 2006 ஏப்ரல் 1-க்குப் பின் பணியில் சேர்ந்தவர்களைக் கர்நாடக அரசு புதிய ஓய்வூதியத் திட்டத்தில் தள்ளியது. ஊதியத்தில் பத்து விழுக்காடு பிடித்தம் உறுதி. ஓய்வுக்குப் பின் கிடைப்பது என்னவென்று உறுதி கிடையாது. அதைச் சந்தை தீர்மானிக்கும். இதை எதிர்த்து 2023 மார்ச் 1 அன்று மாநில அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், அன்றைய பாஜக அரசு சில மணி நேரத்தில் 17 விழுக்காடு இடைக்கால ஊதிய உயர்வையும் ஓய்வூதியம் குறித்த ஒரு குழுவையும் அறிவித்தது. பின்னர் வந்த காங்கிரஸ் அரசு, 2006-க்கு முன் அறிவிக்கை வெளியாகிப் பின்னர் பணியில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பழைய திட்டத்தை அளித்தது. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அவர்களுக்கும் கீழே கௌரவ விரிவுரையாளர்கள் என்ற பெரும்படை நிற்கிறது. 2023 நவம்பரில் அவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். தும்கூரிலிருந்து பெங்களூருக்கு நடந்தே வந்தனர். அந்தப் போராட்டத்தால் ஊதிய உயர்வும், ஓய்வின்போது ஒரு மொத்தத் தொகையும் பெற்றார்கள். பணி நிரந்தரமும் ஓய்வூதியமும் இன்னும் கோரிக்கைகளாகவே உள்ளன.

இந்தப் போராட்டம் தங்கள் ஊருக்குத் தொடர்பில்லாதது என்று கோலார் தங்கவயல் மக்கள் எண்ணிவிடக் கூடாது. முதுமைக்கான உறுதி பறிக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்?

120 ஆண்டுகளாகத் தங்கம் தந்த சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை ஒன்றிய பாஜக கூட்டணி அரசு 2001 மார்ச் 1 முதல் மூடியது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கொதிக்கும் வெப்பத்தில், நுரையீரலில் சிலிக்கா தூசியைச் சுமந்து உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித் மக்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் இன்று அவர்களுக்கு எஞ்சியிருப்பவை வரிசை வீடுகளும், காற்றடித்தால் புழுதி பறக்கும் சயனைடு மண்மேடுகளும்தான். அவர்களின் பிள்ளைகள் விடியலுக்கு முன்பே ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

1995 ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் கணக்கைச் சுரங்கம் மூடப்பட்ட நாளோடு பொருத்திப் பார்த்தால் அநீதியின் அளவு விளங்கும். அத்திட்டம் 1995 நவம்பரில் தொடங்கியது. சுரங்கம் மூடப்பட்டபோது ஐந்து ஆண்டும் சில மாதங்களுமே ஆகியிருந்தன. கணக்கில் கொள்ளப்படும் ஊதியத்தின் உச்சவரம்பு அன்று 5,000 ரூபாய். அதை ஐந்தால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 357 ரூபாய். அதற்கு முந்தைய நீண்டகால உழைப்புக்கு ஒரு சிறு நிலைத்தொகை மட்டுமே. உச்சவரம்பு 6,500 ஆக உயர்ந்தது 2001 ஜூனில். அதற்கு மூன்று மாதம் முன்பே சுரங்கத்தின் வாயில் சாத்தப்பட்டுவிட்டது. 2014-இல் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. மாத்திரைச் செலவுக்கே போதாத தொகை அது.

ஆயிரம் ரூபாய் பெறும் சுரங்கத் தொழிலாளியின் வரிப்பணத்தில் பேராசிரியருக்கு எதற்கு முழு ஓய்வூதியம் என்று ஆளும் வர்க்கத்தின் ஊதுகுழல்கள் கேட்கின்றன. உழைப்பவர்களைப் பிரிக்கும் பழைய தந்திரம் இது. பேராசிரியரின் ஓய்வூதியத்தைக் குறைத்ததால் எந்தச் சுரங்கத் தொழிலாளிக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடியதில்லை. மாறாக, ஓரிடத்தில் உரிமை பறிபோனால், அதையே முன்னுதாரணமாகக் காட்டி அடுத்த இடத்திலும் பறிப்பார்கள்.

ஓய்வூதியம் அரசின் கருணையோ பரிசோ அல்ல, ஊழியரின் உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த உரிமையைத்தான் 2004-இல் ஒன்றிய பாஜக கூட்டணி அரசு புதிய திட்டத்தால் அரித்தது. 2013-இல் காங்கிரஸ் தலைமையிலான அரசு அதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. மேற்கு வங்கத்தின் இடது முன்னணி அரசு அத்திட்டத்தில் சேர மறுத்தது. இன்று ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்ற பெயரில் பாதி உரிமையைத் திருப்பித் தருவதாகக் காட்டுவதும்கூட ஊழியர்களின் தொடர் போராட்டத்தால் நேர்ந்ததே.

போராடினால் மீட்க முடியும் என்பதற்குப் பிரிட்டன் சான்று. உறுதியான ஓய்வூதியத்தை ஒழிக்கும் திட்டத்தை எதிர்த்து 2018 பிப்ரவரியில் அறுபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களின் ஊழியர்கள் 14 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். திட்டம் பின்வாங்கப்பட்டது. 2022-இல் நிர்வாகங்கள் வேறு வழியில் வெட்டைத் திணித்தன. ஊழியர்கள் மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2024 ஏப்ரலில் வெட்டப்பட்ட பலன்கள் திரும்பக் கிடைத்தன.

பல்கலைக்கழக ஓய்வூதியப் பொறுப்பை மாநில அரசு முழுமையாக ஏற்க வேண்டும். பழைய ஓய்வூதியத் திட்டத்தை அனைவருக்கும் மீட்டளிக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களை நிரந்தரமாக்க வேண்டும். 1995 திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை, மத்தியத் தொழிற்சங்கங்கள் கோருவதுபோல், 9,000 ரூபாயாக உயர்த்த வேண்டும். இக்கோரிக்கைகளில் ஒன்றை விட்டு மற்றொன்றை வெல்ல முடியாது.

தங்கவயல் தொழிலாளர்கள் 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள். 1946-இல் துப்பாக்கிச் சூட்டில் தோழர்களைப் பறிகொடுத்தும் சங்கத்தைக் கைவிடாதவர்கள். அந்த மண்ணின் கல்லூரி ஆசிரியர்களும், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களும் ஒரே பந்தலில் அமரட்டும். சுரங்கம் மூடப்பட்ட பிறகே நாடு தங்கவயலைத் திரும்பிப் பார்த்தது. பல்கலைக்கழகங்களுக்கும் அந்த நிலை வரும்வரை காத்திருக்கலாகாது.