சமையலறைக் கல்லுக்கு ஏன் தடை?

பளபளக்கும் ஒரு கற்பலகை. சமையலறை மேடைக்கு அழகு. கறை பிடிக்காது, எளிதில் கீறல் விழாது. பல நாடுகளில் இல்லத்தரசிகள் அதை விரும்பி வாங்கினார்கள்.

அந்தக் கற்பலகையை ஒரு நாடே தடை செய்துவிட்டது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் ஆஸ்திரேலியாவில் அதைத் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, வீடுகளில் பதிக்கவும் கூடாது. 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் இறக்குமதிக்கும் தடை. உலகிலேயே இத்தகைய தடையை முதலில் விதித்த நாடு ஆஸ்திரேலியாதான்.

கல் செய்த குற்றம் என்ன? வீட்டில் பதித்த கல்லால் அங்கு வசிப்பவர்களுக்குத் தீங்கு இல்லை. அதை அறுக்கும்போது எழும் தூசிதான், அறுப்பவரின் உயிரைக் குடிக்கிறது. எப்படி என்பதை அறிய, மனிதன் மூச்சு விடும் விதத்தை முதலில் பார்க்க வேண்டும்.

நெஞ்சுக்குள் ஒரு வீடு

மூக்கு வழியே இழுக்கும் காற்று, கிளை கிளையாகப் பிரியும் குழாய்கள் மூலம் நுரையீரலின் ஆழத்துக்குப் போகிறது. அங்கே சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. 2004-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, அவற்றின் எண்ணிக்கையைச் சராசரி 48 கோடி என்று கணக்கிட்டது. அவற்றை எல்லாம் பிரித்துப் பரப்பினால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி ஆகும். நடுத்தரக் குடும்பம் ஒன்று குடியிருக்கும் வீட்டின் பரப்பு! அத்தனையும் நெஞ்சுக்கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பையின் ஒரு பக்கம் காற்று. மறு பக்கம் இரத்தம். இடையே உள்ள சுவர், தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அதைக் கடந்து பிராணவாயு இரத்தத்துக்குள் போகிறது. கரியமில வாயு வெளியே வருகிறது. இரத்தம் அந்த இடத்தைக் கடக்க முக்கால் விநாடி ஆகிறது. பண்டமாற்றோ கால் விநாடியில் முடிந்துவிடுகிறது!

மீனுக்குச் செவுள், மண்புழுவுக்குத் தோல், மனிதனுக்கு நுரையீரல். உறுப்புதான் வேறு, விதி ஒன்றே. மூச்சு விடும் பரப்பு அகலமாக இருக்க வேண்டும். ஈரமாக இருக்க வேண்டும். மெல்லியதாகவும் இருக்க வேண்டும். சுவர் இரு மடங்கு தடித்தால், அதைக் கடக்கும் வாயு பாதியாகக் குறைந்துவிடும்.

ஆக, மனிதன் உயிர் வாழ்வதே மெல்லிய சுவரால்தான். ஆனால் மெல்லிய சுவருக்குக் காவல் ஏது?

காவலனே பலியாகிறான்

பெரிய தூசியை மூக்கும் சளியும் தடுத்துவிடும். தும்மலிலும் இருமலிலும் அது வெளியேறும். ஆனால் 5 மைக்ரானுக்கும் குறைந்த தூசி, கண்ணுக்குத் தெரியாமலே காற்றுப் பை வரை போய்விடும். ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்.

காற்றுப் பைகளில் துப்புரவு வேலை செய்யும் உயிரணுக்கள் உண்டு. அவை தூசியை விழுங்கி அகற்றும். கல்லில் உள்ள சிலிகா என்னும் பொருளிடம் மட்டும் இந்த வித்தை பலிப்பதில்லை. அதை விழுங்கிய உயிரணு செத்துப் போகிறது. சிலிகா மறுபடி வெளியே வருகிறது. அடுத்த உயிரணு விழுங்குகிறது, அதுவும் சாகிறது. இந்தப் போராட்டத்தில் நுரையீரல் புண்ணாகித் தழும்பு விழுகிறது. மெல்லிய சுவர் தடிக்கிறது. மூச்சு முட்டுகிறது.

இதுதான் 'சிலிக்கோஸிஸ்' நோய். இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றலாம். காச நோயும் எளிதில் தொற்றிக் கொள்கிறது.

கிரானைட்டில் சிலிகா மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். சலவைக் கல்லில் சொற்பம். தடை செய்யப்பட்ட பலகையோ, பொடித்த குவார்ட்ஸ் கல்லைப் பிசினுடன் சேர்த்துச் செய்வது. அதில் சிலிகா 95 சதவிகிதம் வரை உண்டு!

இஸ்ரேலில் 1997 முதல் 2010 வரை, இத்தகைய கல்லை அறுத்து நோயுற்ற 25 பேர் நுரையீரல் மாற்றுச் சிகிச்சை மையத்துக்கு வந்தனர். ஆஸ்திரேலியாவில் 2021-ம் ஆண்டு அரசாங்கக் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. 2018-க்கு முன்பிருந்தே இத்தொழிலில் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தூசி நோய் என்றது அந்த அறிக்கை.

பாதித் தடை போதாதா?

"தண்ணீர் ஊற்றி அறுக்கலாம், முகமூடி அணியலாம், தடை எதற்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. 40 சதவிகிதத்துக்குக் குறைவாகச் சிலிகா உள்ள பலகையையாவது அனுமதிக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அந்த அளவு பத்திரமானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். விதிகள் முன்பும் இருந்தன. சிறு பட்டறைகளில் அவை நடைமுறைக்கு வரவில்லை. மாற்றுக் கற்கள் கிடைக்கும்போது, அழகுப் பலகைக்காக உயிரைப் பணயம் வைப்பானேன்? ஆஸ்திரேலியாவின் முடிவில் நியாயம் இருக்கிறது.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. அமெரிக்காவுக்குக் குவார்ட்ஸ் பலகைகளை அனுப்பும் நாடு இந்தியா. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சிலிக்கோஸிஸை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்று வகுத்தது. கல் சுரங்கங்கள் நிறைந்த ராஜஸ்தான், 2019-ல் இந்நோய்க்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நோயாளிக்கும், அவர் இறந்தால் குடும்பத்துக்கும் உதவித் தொகை தர ஏற்பாடு செய்தது.

உதவித் தொகை தேவைதான். ஆனால், அது நோய் வந்த பின் கிடைப்பது. தடித்த சுவரை எந்தப் பணமும் மெல்லியதாக்காது. வாளில் தண்ணீர் பாய வேண்டும். தூசியை உறிஞ்சும் கருவி ஓட வேண்டும். முகமூடி கடைசிக் காவலே தவிர, முதற் காவல் அல்ல. தூசியை அது பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும். நெஞ்சுக்குள் போய்விட்டால், அதைத் தடுக்க அங்கே யாரும் இல்லை.