மோட்டாரும் முழங்காலும்

காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்தைப் பாராத நேயர்கள் ஒரு முறை அவசியம் பார்க்க வேண்டும். அணைக்கட்டும், ராஜ வாய்க்காலும், வாழையும், வெற்றிலைக் கொடிக்காலும் கண்ணுக்கு விருந்து. அங்கே ஒரு ஞாயிறு மாலையைக் கழித்துவிட்டுப் பரமத்தி வேலூர் நோக்கித் திரும்புகையில், சாலையோரப் புளியமரத்தில் ஒரு மோட்டார் மோதி நிற்கக் கண்டேன்.

ஓட்டி வந்த வாலிபருக்கு நினைவு இருந்தது. வலது தொடைதான் இருக்க வேண்டிய நிலையில் இல்லை. கூடியிருந்தவர் அனைவரும் நல்லவர்களே. ஒருவர் சோடா கொண்டு ஓடி வந்தார். ஒருவர், "காலைப் புடிச்சு ஒரே இழுப்பா இழுத்தா நேராயிருமுங்க" என்றார். மூன்றாமவர் கட்டு வைத்தியரிடம் கொண்டுபோகத் தம் வண்டியையே திருப்பிவிட்டார். இம்மூன்று உபகாரங்களில் ஒன்றும் நிறைவேறாமற் போனது அவ்வாலிபரின் பாக்கியம்.

மரத்தில் மோதியதும் வண்டி நின்றுவிடுகிறது. உள்ளிருப்பவர் உடனே நிற்பதில்லை. முழங்கால் முன்பலகையில் இடிக்கிறது. அந்த வேகம் தொடையெலும்பின் வழியே மேலேறி, ஒன்று தொடையை முறிக்கும். அல்லது எலும்பின் தலையை இடுப்புக் கிண்ணத்திலிருந்து பின்புறமாகத் தள்ளிவிடும். சில சமயம் இரண்டும் நேர்வதுண்டு. ஆகையால், தொடை முறிந்தவருக்கு இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். நழுவிய தலையை ஆறு மணி நேரத்துக்குள் இடத்தில் சேர்க்காவிடில், இரத்தவோட்டம் கெட்டு எலும்பு மடியும் அபாயம் மிகுதி.

"ஒரு சொட்டு இரத்தமும் வரவில்லையே" என்று அங்கே ஒருவர் ஆறுதல் கூறினார். தொடையெலும்பு முறிந்தால், தோல் கிழியாமலே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் தசைக்குள் வடிந்துவிடக் கூடும். நம் உடம்பில் உள்ளதே சுமார் 5 லிட்டர்தான்! காலை இழுத்தால் முறிந்த முனை இரத்தக் குழாயையும் நரம்பையும் கிழிக்கலாம். சோடாவோ, மயக்க மருந்து கொடுக்கையில் வாந்தியாகி மூச்சுக் குழலில் இறங்கும்.

கட்டு வைத்தியரை நான் இகழவில்லை. முறிவு வைத்தியத்தில் பெரும் புகழ் பெற்ற லிவர்ப்பூல் டாக்டர் ஹ்யூ ஓவன் தாமஸ் கட்டுக் கட்டும் பரம்பரையில் பிறந்தவரே. அவர் அமைத்த தொடைச் சட்டத்தை, உறவினரும் சீடருமான ராபர்ட் ஜோன்ஸ் முதல் உலக யுத்தத்தில் பரப்பினார். அதனால் தொடை முறிந்து மாண்ட சிப்பாய்களின் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் வீங்கும் காலை மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டினால், உள்ளே இரத்தவோட்டம் நின்று கால் அழுகவும் கூடும். கட்டிய பின் வலி பொறுக்க முடியாமல் ஏறினாலும், விரல்கள் மரத்தாலும் உடனே கட்டை அவிழ்க்க வேண்டும்.

எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்துவிட்டால் விஷயம் வேறு. காலைக் காப்பதா, எடுப்பதா? இதற்குக் கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவர் குழுவினரும் வகுத்த கணக்கு 2006-ல் வெளியாயிற்று. தோல், எலும்பு, தசை நரம்புகள் ஆகியவற்றின் சேதத்துடன், நோயாளியின் இதரக் குறைகளுக்கும் எண்ணிட்டுக் கூட்டுகிறார்கள். 14-க்கு மேற்படாவிடில் காலைக் காக்க முயலலாம். 17-ம் அதற்கு மேலும் எனில் எடுப்பதே பெரும்பாலும் நலம். 15, 16 என்றால்? அங்கே எண் பேசாது. வைத்தியரின் அனுபவந்தான் பேச வேண்டும். கொங்கு நாட்டில் பிறந்த இக்கணக்கைப் பிற நாட்டு வைத்தியர்களும் எடுத்தாளுகிறார்கள்.

அன்று செய்தது சொற்பமே. காலைக் கிடந்தபடியே விட்டு, இருபுறமும் துண்டுகளைச் சுருட்டி அண்டை கொடுத்தோம். 108-க்குச் சொன்னோம். போலீஸ் விசாரணைக்கு அஞ்சிச் சிலர் நழுவப் பார்த்தார்கள். 2019-ல் திருத்திய மோட்டார் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள், உதவியவரைப் பெயர் சொல்லும்படிக் கட்டாயப்படுத்தலாகாது என்கின்றன. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், குறித்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. இவ்விரண்டையும் சொன்ன பிறகே கூட்டத்தில் தைரியம் பிறந்தது.

வாலிபரின் தொடைக்குள் ஓர் உலோகக் கம்பியைச் செலுத்தினார்கள். 1939-ல் ஜெர்மனியில் குன்ட்ஷர் என்னும் வைத்தியர் தொடங்கிய முறை இது. மாதக் கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டிய பிள்ளை, சில நாட்களில் ஊன்றுகோலுடன் எழுந்து நின்றதாகத் தகவல் வந்தது.

அந்தச் சோடாவை நான்தான் குடித்தேன். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.