கெட்டி மேளமும் ஃப்ரீ ஜாஸும்

கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரம். புரோகிதர் விரலை ஆட்டி சைகை காட்டுகிறார். அதுவரை நிதானமாகப் போய்க்கொண்டிருந்த நாதஸ்வரமும் தவிலும் ஒரே நொடியில் உச்சத்துக்குத் தாவுகின்றன. தும்மல், அழுகை என்று அபசகுனமாக எதுவும் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. அட்சதை பறக்கும் அந்த வேளையில் ஏதாவது ஒரு மூலையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறும். "போகப் போகப் பழகிவிடும்" என்பார்கள் பெரியவர்கள். சிலருக்குக் கடைசிவரை பழகுவதே இல்லை.

அப்படிப்பட்ட ஒருவர் வளர்ந்து, பெங்களூருவுக்கு வேலைக்கு வந்து, ஜாஸ் கேட்க ஆசைப்பட்டால் என்ன ஆகும்?

பெங்களூருவுக்கும் ஜாஸுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964இல் இங்கே தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் அதற்கு ஒரு முக்கிய வாசல். பாஸ்டனில் பிறந்த சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி மரியானோ, நாதஸ்வரத்தில் மனதைப் பறிகொடுத்து அதைக் கற்றுக்கொண்டவர். அவர் இந்தக் குழுவுடனும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியுடனும் சேர்ந்து உருவாக்கிய 'ஜோதி' ஆல்பம் 1983இல் வெளிவந்தது. குரலும் தாளமும் சாக்ஸஃபோனும் ஒன்றுக்கொன்று இடம்விட்டுப் பேசிக்கொள்ளும் இசை. ஒலிக்குக் கூசும் காதுகள் ஜாஸுக்குள் நுழைய இதைவிடப் பதமான படிக்கட்டு கிடைப்பது அரிது.

அடுத்த படிகள் செங்குத்தானவை. ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவுசெய்த 'ஃப்ரீ ஜாஸ்' இசைத்தட்டில் வாசித்தவர்கள் எட்டுப் பேர். ஸ்டீரியோவில் இடது பக்கம் நான்கு பேர், வலது பக்கம் நான்கு பேர். 37 நிமிடம் நிற்காமல் ஓடும் கூட்டுக் கற்பனை அது. ஜான் கோல்ட்ரேன் 1965இல் பதிவுசெய்த 'அசென்ஷன்' இன்னும் உக்கிரம்: பதினோரு பேர், சுமார் 40 நிமிடம். சாதாரண ரசிகர்களே பத்து நிமிடத்தில் எழுந்துவிடும் இசை. சத்தத்துக்குக் கூசுபவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும்.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். கூச்சம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்குச் சாதாரண அளவு ஒலியே தாங்க முடியாத பேரொலியாகக் கேட்கிறது. சிலருக்கு மெல்லும் சத்தம், பேனா மூடியைச் சொடுக்கும் சத்தம் என்று குறிப்பிட்ட ஒலிகள் மட்டுமே ஆத்திரமூட்டுகின்றன. ஆட்டிசம் உள்ள பலருக்கு மின்விசிறி, பக்கத்து மேஜைப் பேச்சு, தெருவில் ஆட்டோவின் ஹார்ன் எல்லாம் வடிகட்டப்படாமல் சம எடையுடன் வந்து விழுகின்றன. புலன் கூருணர்வு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பெற்றதே 2013இல்தான்.

டெசிபல் மட்டுமே இவர்களை வாட்டுவதில்லை. ஒலி எதிர்பாராமல் வருவதும், அதை நிறுத்தும் அதிகாரம் தம் கையில் இல்லாததும் சேர்ந்தே வாட்டுகின்றன. சில்க் போர்டு சந்திப்பின் இரைச்சலை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. 'ஃப்ரீ ஜாஸ்' தட்டை ஓடவிடுவதும் நிறுத்துவதும் கேட்பவர் கையில் இருக்கிறது. தவிர, அந்த இசை வெளியே தெரிகிற அளவுக்குக் கட்டற்றதல்ல. ஒவ்வொரு தனி வாசிப்புக்கும் முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு சிறு பகுதியை வாசிக்கிறார்கள். தனி ஆவர்த்தனத்தில் மூன்றாம் முறை வரும் கோர்வைக்கு மனம் தயாராவது போல, இரண்டாம் முறை கேட்கும்போது இந்த மைல்கற்களுக்கும் மனம் தயாராகிவிடுகிறது. ஒரே சமயத்தில் எட்டுக் குரல்களைப் பின்தொடர்வது மற்றவர்களுக்குப் பயிற்சி. எல்லா ஒலிகளும் ஒன்றாக வந்து விழும் காதுகளில் சிலவற்றுக்கு அது அன்றாடம். இங்கே அதற்கு ஓர் அர்த்தமும் கிடைக்கிறது.

எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்வதற்கில்லை. சாக்ஸஃபோனின் உச்ச ஸ்தாயிக் கீச்சொலி சிலருக்கு ஊசி குத்துவது போலத்தான் இருக்கும். 'அசென்ஷன்' கேட்க முடியாதவருக்கு ரசனை போதாது என்று முகம் சுளிக்கும் ரசிகர்களும், "பழகிவிடும்" என்று சொன்ன கல்யாண வீட்டுப் பெரியவர்களும் ஒரே கட்சி. காதையே நாள் முழுக்க அடைத்துவைப்பதும் தீர்வல்ல. அமைதிக்குப் பழகிய காதில் கூச்சம் இன்னும் கூடலாம். பெங்களூரு நிமான்ஸிலும், 1965இல் தொடங்கப்பட்ட மைசூரு அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்திலும் கேட்பியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்ப்பது நல்லது.

வீட்டில் சமாளித்துவிடலாம். குறைந்த ஒலியில், ஐந்து ஐந்து நிமிடமாக, ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் போதும். சிக்கல் அரங்கத்தில் இருக்கிறது. ஜாஸின் உயிரே நேரில் கேட்பதில்தான்; ஆனால் அங்கே ஒலியைக் குறைக்கும் பொத்தான் கேட்பவர் கையில் இல்லை. இசைக் கலைஞர்கள் அணியும் காதடைப்பான் ஓரளவு உதவும். சாதாரண நுரைப் பஞ்சு மேல் ஸ்தாயியை அதிகமாக விழுங்கிவிடும்; இது எல்லா ஸ்தாயிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பதால் இசை மங்குவதில்லை.

மீதி அரங்கத்தாரின் பொறுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கான நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. 15 நிமிட சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. கூசும் காதுகளுக்கு 100 டெசிபலே அதிகம். ஆனால் எழுந்து போய் ஐந்து நிமிடம் உட்கார ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தாலே பலர் எழுந்து போக அவசியமில்லாமல் போகும். ஸ்பீக்கர் எந்தப் பக்கம், வெளியேறும் வழி எங்கே, இடைவேளை எப்போது என்ற மூன்று விவரங்களை டிக்கெட்டில் அச்சடிக்க அரங்கத்தாருக்குப் பெரிய செலவு ஆகாது. வீட்டிலேயே தங்கிவிடும் ஒரு ரசிகர் நாற்காலியில் வந்து உட்கார அது போதும்.