கண்டியில் இரண்டாவது இரவு

கண்டிக்கு வரும் உல்லாசப் பயணிகளில் பலர் அந்நகரில் ஓர் இரவு மாத்திரமே தங்குகின்றனர். மாலையில் தலதா மாளிகை, மறுநாள் காலையில் பேராதனைப் பூங்கா, பின்னர் நுவரெலியாவுக்கோ எல்லவுக்கோ புறப்பாடு. இதுவே வழமையான பயண ஒழுங்கு. யுனெஸ்கோ 1988 இல் உலக மரபுரிமைத் தலமாகப் பிரகடனப்படுத்திய ஒரு நகரம் இவ்வாறு வெறும் வழித்தங்கலாகச் சுருங்கிப்போயிருக்கிறது. கண்டியில் பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை என்பது இதற்குக் காரணமல்ல. அங்குள்ள சிறிய விடுதிக்காரர்களும் வழிகாட்டிகளும் சாரதிகளும் உணவகக்காரர்களும் இணையத்தில் ஒவ்வொருவராகத் தனித்து நிற்பதே முக்கிய காரணம் என்பது எனது அபிப்பிராயம்.

தனித்து நிற்பதற்குக் கொடுக்கவேண்டிய விலை சிறியதல்ல. இணையவழி முன்பதிவுத் தளங்கள் பொதுவாக வாடகையில் சுமார் 15 சதவீதத்தைத் தரகாக அறவிடுகின்றன. சரணங்கர வீதியில் ஐந்து அறைகளைக் கொண்ட ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். ஓர் அறைக்கு 10 ஆயிரம் ரூபா. வருடத்தில் 180 இரவுகள் அறைகள் நிரம்புகின்றன. அனைத்தும் தளங்களின் ஊடாகவே வருகின்றன. அவ்வாறாயின் ஒரு வருடத்தில் செலுத்தப்படும் தரகு 13 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. பத்து விடுதிகள் என்றால் ஒரு கோடியே 35 இலட்சம். பதிவுபெற்ற விடுதியொன்று சுற்றுலா அபிவிருத்தி வரியாக அரசாங்கத்துக்குச் செலுத்துவது வருமானத்தின் 1 சதவீதம் மாத்திரமே. 10 ஆயிரம் ரூபாவில் அரசுக்கு 100 ரூபா, கடல்கடந்த தளத்துக்கு 1,500 ரூபா என்பதே இன்றைய பங்கீடு.

தரகு கண்டிக்குப் புதிதல்ல. பயணியை வாசனைத் திரவியத் தோட்டத்துக்கோ இரத்தினக்கல் கடைக்கோ அழைத்துச்சென்று, கடைக்காரரிடம் பங்கு பெறும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதனால் பயணிகளின் நம்பிக்கை கெட்டது என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பணமாவது ஊருக்குள் சுழன்றது. இன்றைய தரகு ஊரைவிட்டே போய்விடுகிறது.

இது இலங்கையின் பிரச்சினை மாத்திரமல்ல. தனது தளத்தில் காட்டப்படுவதைவிடக் குறைந்த வாடகையை வேறெங்கும் அறிவிக்கக்கூடாது என்று புக்கிங் நிறுவனம் விதித்துவந்த நிபந்தனைகளை எதிர்த்து ஐரோப்பிய விடுதிக்காரர்கள் பல வருடங்களாகப் போராடினர். 2024 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. மறுவருடம் 10 ஆயிரத்துக்கும் அதிகமான விடுதிகள் நட்டஈடு கோரும் கூட்டு நடவடிக்கையில் இணைந்தன. தனியொரு விடுதி கேட்டிருந்தால் எவரும் செவிசாய்த்திருக்க மாட்டார்கள்.

கூட்டாக நின்றால் என்ன செய்யலாம் என்பதற்குக் கண்டியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கும் அதிகமாக நீண்டு நுவரெலியாவில் முடிவடையும் பீக்கோ ட்ரெயில் என்ற நடைபாதையே அது. பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளை இணைத்து உருவாக்கப்பட்ட இந்த வழியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வரைபடமும் தூரமும் ஒரே இணையத்தளத்தில் கிடைக்கின்றன. முதலாவது கட்டம் கலஹாவுக்கும், இரண்டாவது கட்டம் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரவுக்கும் செல்கிறது. முன்னர் உல்லாசப் பயணிகளின் கண்ணில் படாத சிற்றூர்களுக்கு இன்று நடந்துசெல்ல ஆட்கள் வருகிறார்கள். ஒரு பொதுவான பெயரும் நம்பகமான ஒரு வரைபடமும் செய்த வேலை இது.

ஆனால் இதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இந்த முயற்சிக்கு ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யுஎஸ்எய்டும் நிதியுதவி வழங்கின. அந்த அமெரிக்க அமைப்பு 2025 இல் இல்லாமற்போய்விட்டது. கொடையாளிகளை நம்பி மாத்திரம் எந்தக் கூட்டும் நிலைக்காது. இரண்டாவது, இந்தப் பாதை மலையகத் தமிழ் மக்களின் லயன்களுக்கு நடுவே செல்கிறது. அம்மக்கள் புகைப்படத்தில் வரும் கொழுந்து பறிக்கும் பெண்களாக மட்டும் இருந்துவிடக்கூடாது. வழிகாட்டியாக, உணவு சமைத்துக் கொடுப்பவராக, தங்குமிடம் நடத்துபவராக அவர்களும் கூட்டின் உறுப்பினர்களாக வேண்டும். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாவதற்கே 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்த மக்களுக்கு, ஒரு நாள் வழிகாட்டும் தொழில் எத்தகைய மாற்றத்தைத் தரும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

தமிழ் வாசகர்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. 2024 இல் இலங்கைக்கு வந்த 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகளில் இந்தியர் 4 இலட்சத்துக்கும் அதிகம், முதலிடம் அவர்களுக்கே. புலம்பெயர்ந்த தமிழர்களும் ஆண்டுதோறும் வருகின்றனர். கண்டி வாவியைக் கட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்து மன்னன். 1815 இல் ஆட்சியை இழந்து, 1832 இல் வேலூரில் மறைந்தவன். அங்கே அவனுடைய நினைவிடமாக முத்துமண்டபம் இருக்கிறது. தலதா மாளிகைக்கு அருகிலுள்ள பத்தினி தேவாலயத்தில் வழிபடப்படுபவள் நமது கண்ணகி. கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலும் நகருக்குள்ளேயே இருக்கிறது. இவற்றை ஒருநாள் நடைப்பயணமாக இணைத்துத் தமிழில் அறிமுகம் செய்தால், கண்டியில் இரண்டாவது இரவு தங்குவதற்கு வேறு காரணம் வேண்டுமா?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியில் கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. மண்சரிவுகள் உயிர்களைப் பறித்தன, பாதைகள் துண்டிக்கப்பட்டன. இத்தகைய வேளையில் பயணி கேட்பது ஒரேயொரு கேள்வி: வரலாமா, கூடாதா? முன்பதிவுத் தளம் அதற்குப் பதில் சொல்லாது. தனியொரு விடுதிக்காரர் சொல்லும் பதிலை எவரும் முழுமையாக நம்பமாட்டார். எந்த வீதி திறந்திருக்கிறது, எது மூடப்பட்டிருக்கிறது என்பதை நாள்தோறும் நேர்மையாக அறிவிக்கும் ஒரு பொதுப்பக்கமே அந்த நம்பிக்கையைத் தரமுடியும்.

போட்டியாளர்கள் எப்படி ஒன்றுசேர்வது என்று கேட்கலாம். பெரிய தளங்களைக் கைவிடுமாறு எவரும் சொல்லவில்லை. முதன்முறையாக வருபவர் அவற்றின் ஊடாகவே வருவார். இரண்டாவது தடவை வருபவரும், அவருடைய பரிந்துரையில் வருபவரும் நேரடியாக வரட்டும் என்பதே கோரிக்கை. மேலே கூறிய பத்து விடுதிகளும் தாம் செலுத்தும் தரகில் பத்தில் ஒரு பங்கை மாத்திரம் ஒதுக்கினாலும் வருடத்துக்கு 13 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா சேரும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் தெரிந்த இளைஞர் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துப் பொதுத்தளத்தைத் தொடங்குவதற்கு அது போதுமானது. நிபந்தனைகள் இரண்டு போதும்: கட்டணங்கள் பகிரங்கமாக இருக்கவேண்டும், பயணியைக் கடைக்கு இழுத்துச்சென்று பங்கு பெறுபவருக்குக் கூட்டில் இடமில்லை.

அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருப்பது எளிது. பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து கணக்குப் பார்ப்பது அதைவிடக் கடினம். ஆனால் 15 சதவீதம் ஒவ்வொரு இரவும் போய்க்கொண்டிருக்கிறது.