இருபத்து மூன்றையும் உருப்போட வேண்டுமா?



“கல்லூரியில் ஜாவாவில் டிசைன் பேட்டர்ன் படித்தேன். வேலையில் பைத்தானைக் கொடுத்துவிட்டார்கள். படித்ததெல்லாம் வீண்தானா?” இப்படிக் கேட்கும் இளம் வாசகர்கள் இருக்கிறார்கள். வீணில்லை. பாடமே இனிமேல்தான் ஆரம்பம்.

எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகிய நால்வரும் டிசைன் பேட்டர்ன் பற்றி 1994-இல் வெளியிட்ட புத்தகத்தில் 23 பேட்டர்ன்கள் உண்டு. எடுத்துக்காட்டுகள் சி பிளஸ் பிளஸ்ஸிலும் ஸ்மால்டாக்கிலும் எழுதப்பட்டவை. ஜாவா அப்போது வெளிவரவேயில்லை. இரண்டே ஆண்டில், 1996-இல், கணினி அறிஞர் பீட்டர் நோர்விக் ஒரு கணக்குச் சொன்னார்: லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளுக்குப் போனால் அந்த 23-இல் 16 கண்ணுக்கே தெரியாமல் போகும், அல்லது மிக எளிதாகிவிடும்.

அந்த 23-இல் ஒன்றான ஸ்ட்ராட்டஜியையே பாருங்கள். கடை பில்லில் பொங்கல் தள்ளுபடி, மொத்தக் கொள்முதல் தள்ளுபடி என்று விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பழைய ஜாவாவில் இதற்கு ஓர் இன்டர்ஃபேஸ், விதிக்கு ஒரு கிளாஸ். பைத்தானில் விதியை ஒரு ஃபங்ஷனாக எழுதி அப்படியே கையில் கொடுத்துவிடலாம். 2014-இல் ஜாவா 8 லாம்டாவைக் கொண்டுவந்த பிறகு ஜாவாவிலும் அந்தச் சுமை குறைந்துவிட்டது. ஆனால், பில் போடும் நிரலுக்கு எந்தத் தள்ளுபடி என்பது தெரியக் கூடாது என்ற முடிவை மட்டும் எந்த மொழியும் நமக்காக எடுத்துத் தராது. பேட்டர்ன் என்பது அந்த முடிவுதான். கிளாஸ் படங்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் பைத்தானிலும் நாலு கிளாஸ் எழுதிக்கொண்டிருப்பார்கள். (நேர்முகத் தேர்வில் சிங்கிள்டன் பேட்டர்னை எழுதச் சொல்பவர்களும் இதற்கு ஒரு காரணம். பைத்தானில் ஒரு மாட்யூலே பெரும்பாலும் போதும்.)

ஆகவே, 23-ஐயும் ஒரே மொழியில் முடிப்பதைவிட, மூன்று நான்கை இரண்டு மொழிகளில் எழுதிப் பார்ப்பதே மேல் என்பது என் கட்சி. அப்சர்வர் பேட்டர்னில் தொடங்கலாம். சி ஷார்ப்பில் அதற்கு ‘ஈவென்ட்’ மொழியிலேயே இருக்கிறது. ஜாவாவோ தன் நூலகத்தில் வைத்திருந்த அப்சர்வரை 2017-இல், ஒன்பதாம் பதிப்பில், இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கியது. ஏன் ஒதுக்கியது என்று தேடிப் படியுங்கள். அதுவே ஒரு நல்ல பாடம்.

எழுதிய இரண்டு வடிவங்களையும், எது எங்கே சுருங்கியது என்ற குறிப்போடு அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்