மரக்கால் யார் கையில்?

ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வந்தால் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரே மாதிரியான செய்தி தலைகாட்டும். 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம் ஊர்க் கல்லூரிப் பேராசிரியர்' என்று சால்வையோடு ஒரு படம் போட்டிருப்பார்கள். அவர்களில் வேதியியல்காரர்கள் நிறையவே இருப்பார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் எதை எண்ணினார்கள், யாரை யாரோடு நிறுத்தி அளந்தார்கள் என்பது செய்தியில் இருக்காது. நம் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். குடும்பத்தில் முதல் ஆளாக முனைவர் பட்டம் வரை வந்துவிட்ட தலித் மாணவரின் வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாவற்றிலும் இன்று இந்த எண்ணிக்கை வந்து குறுக்கே நிற்கிறது.

நான் படித்தது தமிழ் இலக்கியம். பென்சீன் வளையம் வரையச் சொன்னால் வாசற்கோலம் மாதிரிதான் வரும். ஆனால் அளவையைப் பற்றிச் சேரியில் பிறந்தவர்களுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கூலி நெல் கொடுக்க ஒரு மரக்கால், குத்தகை நெல் வாங்க ஒரு மரக்கால் என்று பண்ணைகளில் இரண்டு வைத்திருந்த கதையைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் யாராவது 'அளந்துதான் சொல்கிறோம்' என்றால், 'எதை வைத்து?' என்ற கேள்வி நமக்குத் தானாகவே வந்துவிடும்.

இந்த எண்ணும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கியவர் யூஜீன் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர். அவரும் வேதியியல் படித்தவர்தான், அதுவும் அண்ணல் அம்பேத்கர் படித்த அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில். ஒரு கட்டுரையைப் பின்னால் வந்தவர்களில் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று தேடிப் பிடிக்க வசதியாக, 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை அவர் வெளியிட்டார். நூலகத்தில் தேடுவதற்காக வந்த அந்தப் புத்தகம் போகப்போக ஆளை எடைபோடும் தராசாகிவிட்டது.

பிறகு 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச் குறியீட்டைக் கொண்டுவந்தார். இன்று பேராசிரியர்கள் தங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளும் எண் அதுதான். கணக்கு எளிது. உங்கள் கட்டுரைகளில் குறைந்தது ஐந்து, ஒவ்வொன்றும் ஐந்து தடவைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எச் எண் 5. ஒருவரின் ஆறு கட்டுரைகள் 40, 22, 10, 6, 5, 2 தடவை மேற்கோள் பெற்றிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 85, ஆனால் எச் எண் 5. இன்னொருவருடைய ஆறு கட்டுரைகள் 9, 8, 7, 6, 6, 6 பெற்றிருக்கின்றன. மொத்தமே 42தான், ஆனால் எச் எண் 6. தேர்வுக் குழுவின் தாளில் இரண்டாமவர் மேலே இருப்பார். முதலாமவரின் 40 மேற்கோள் பெற்ற கட்டுரை அப்படி என்ன சொன்னது என்று புரட்டிப் பார்க்க அங்கே எவருக்கும் நேரம் இருப்பதில்லை.

கட்டுரை வந்த இதழின் தாக்கக் காரணி என்று இன்னொரு எண் உண்டு. உயர்ந்த காரணி உள்ள இதழில் எழுதினால் எழுதியவரும் உயர்ந்தவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஜார்ஜ் ஷெல்ட்ரிக் என்ற வேதியியலாளர் இருந்தார். படிகங்களின் உள்ளமைப்பைக் கண்டறியப் பயன்படும் தன் கணினி நிரலைப் பற்றி 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த நிரலைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் அதை மேற்கோள் காட்டினார்கள். சுமார் 2 ஆக இருந்த அந்த இதழின் தாக்கக் காரணி மறு ஆண்டே 49ஐத் தாண்டியது. அதே இதழில் எழுதிய மற்றவர்கள் ஒரே இரவில் மேதைகள் ஆகிவிட்டார்களா என்ன? ஒரு வீட்டில் கல்யாணம் நடந்தால் தெரு முழுக்க மொய் எழுதிய கணக்கு இது.

எண்ணிக்கையைப் பெருக்குவதற்கும் வழிகள் இருக்கின்றன. ஸ்பெயினில் கோர்டோபா பல்கலைக்கழக வேதியியலாளர் ஒருவர் 2023இன் தொடக்க மாதங்களில் 37 மணி நேரத்துக்கு ஒரு கட்டுரை வீதம் வெளியிட்டார். உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர்களில் ஒருவர். அங்கே முழுநேரச் சம்பளம் வாங்கிக்கொண்டு சவூதி, ரஷ்யப் பல்கலைக்கழகங்களின் பெயரையும் தன் முகவரியாகப் போட்டதற்காக அவரது பல்கலைக்கழகம் 13 ஆண்டுகள் ஊதியமில்லாமல் இடைநீக்கம் செய்தது. எண்ணிக்கைக்கு விலை வைத்தால் விற்பவர்களும் வாங்குபவர்களும் வந்துவிடுவார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 'சக ஆய்வாளர்' என்ற சொல்லைப் பற்றி. ஒரு வேதியியலாளரை அவருடைய சகாக்களோடு ஒப்பிட வேண்டும் என்கிறார்கள், சரி. சகா யார்? பேட்டரி, சூரிய மின்கலம், நானோ பொருள்கள் என்று ஆயிரக்கணக்கானோர் மொய்க்கும் துறையில் எழுதினால் மேற்கோள் மழையாகக் கொட்டும். ஒரு மூலிகையிலிருந்து சேர்மத்தைப் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பைக் கண்டுபிடிப்பவருக்குத் தூறல்தான். எச் எண் வயதோடு ஏறுமே தவிர இறங்காது. அதனால்தான் ஆய்வில் கழித்த ஆண்டுகளால் அதை வகுத்துப் பார்க்க ஹிர்ஷே வழி சொன்னார். 58 வயதுக்காரரையும் 32 வயதுக்காரரையும் ஒரே எண்ணால் ஒப்பிடுகிறவர்கள் ஹிர்ஷின் கட்டுரையை முழுதாகப் படிக்காதவர்கள்.

அந்த 2 சதவீதப் பட்டியலைத் தயாரிக்கும் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழுவினர் இதில் கொஞ்சம் நேர்மையாகவே இருக்கிறார்கள். துறைகளை 174 உட்பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். தன்னைத்தானே மேற்கோள் காட்டிக்கொண்டதை நீக்கியும் கணக்குத் தருகிறார்கள். ஆறு அளவைகளைக் கலந்து மதிப்பெண் போடுகிறார்கள். அந்த ஆறில் மூன்று, கட்டுரையில் உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. தனியாக எழுதியிருக்க வேண்டும், அல்லது முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ இருக்க வேண்டும். வேதியியல் கட்டுரைகளில் பெரும்பாலும் முதல் பெயர் செய்முறையைச் செய்த மாணவருடையது, கடைசிப் பெயர் நெறியாளருடையது. நடுவில் மாட்டிக்கொண்ட பெயருக்கு அந்தக் கட்டுரையால் இந்த மூன்றிலும் பூஜ்யம். இரவெல்லாம் குடுவை முன் நின்றவர் யார், முதல் பெயர் போட்டுக்கொண்டவர் யார் என்று எந்தப் பட்டியலும் விசாரிப்பதில்லை. 'வேலை என்னுடையது, பெயர் மூன்றாவது' என்று என்னிடம் சொன்ன மாணவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

இப்படிப் பெயரை இழந்த ஒரு வேதியியலாளரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஆலிஸ் பால், அமெரிக்கக் கறுப்பினப் பெண். 1892இல் பிறந்தவர். 1914இல் தன் ஆசிரியரோடு சேர்ந்து அமெரிக்க வேதியியல் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1915இல் ஹவாய்க் கல்லூரியில் வேதியியல் முதுகலை பெற்றார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவரே. அப்போது தொழுநோய்க்கு இருந்த ஒரே நம்பிக்கை சால்முக்ரா எண்ணெய். நம் சித்த மருத்துவம் நீரடிமுத்து என்று சொல்லும் மரத்தின் இனம்தான் அதுவும். குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் உடம்பில் கலக்காமல் தோலடியில் கட்டி கட்டியாக நிற்கும். ஹாரி ஹோல்மன் என்ற மருத்துவர் கேட்டுக்கொண்டதால் ஆலிஸ் அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைப் பிரித்து எத்தில் எஸ்டராக மாற்றி, ஊசியில் ஏற்றத்தக்க மருந்தாக்கினார். அப்போது அவருக்கு வயது 23. வெளியிடுவதற்குள் 1916 டிசம்பர் 31 அன்று இறந்துபோனார். கல்லூரித் தலைவராக இருந்த வேதியியலாளர் ஆர்தர் டீன் அந்த வேலையைத் தொடர்ந்தார், கட்டுரை வெளியிட்டார். அதில் ஆலிஸ் பெயர் இல்லை. ஊரைவிட்டு ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த நோயாளிகள் அந்த மருந்தால் வீடு திரும்பினார்கள், மருந்துக்குப் பெயர் டீன் முறை என்றானது. 1922இல் ஹோல்மன் தன் கட்டுரையில் இதை ஆலிஸ் பால் முறை என்று எழுதினார். அதையும் உலகம் மறந்துபோனது. அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தது 2000இல்.

ஆலிஸ் இறந்த அன்று அவருடைய எச் எண்ணைக் கணக்கிட்டால் ஒன்றைத் தாண்டாது.

பெர்சி ஜூலியன் கதை வேறு மாதிரி. அவரும் கறுப்பினத்தவர், 1931இல் வியன்னாவில் முனைவர் பட்டம் பெற்றவர். டெபாவ் என்ற சிறிய கல்லூரியில் இருந்தபடியே 1935இல் கண் அழுத்த நோய்க்குப் பயன்படும் ஃபைசோஸ்டிக்மின் சேர்மத்தைச் செயற்கையாக உருவாக்கினார். அதே சேர்மத்துக்காக ஆக்ஸ்ஃபோர்டில் முயன்றுகொண்டிருந்தவர் ராபர்ட் ராபின்சன், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். ராபின்சன் போன வழி தவறு என்று அச்சிலேயே எழுதி, அதை நிரூபித்தும் காட்டினார் ஜூலியன். அப்படிப்பட்டவருக்கு அந்தக் கல்லூரியிலேயே நிரந்தரப் பேராசிரியர் இடம் கிடைக்கவில்லை, தோல் நிறம் குறுக்கே வந்தது. சிகாகோவில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் சோயா ஆய்வகத்துக்குப் போனார். அங்கிருந்து வந்தவை நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள். காப்புரிமைகளை எச் குறியீடு எண்ணுவதில்லை. பல்கலைக்கழகக் கதவைச் சாத்திவிட்டு, 'கட்டுரை எங்கே?' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இதெல்லாம் பழைய கதை, இன்று எண்கள் வந்துவிட்டதால் பாகுபாடு ஒழிந்துவிட்டது என்பார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்கு வந்த ஆய்வு நிதி விண்ணப்பங்களை அலசிய ஓர் ஆய்வு 2011இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கல்வி, பயிற்சி, கட்டுரைகள், மேற்கோள்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சமமாக்கிப் பார்த்த பிறகும், கறுப்பினத்தவருக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. எண் ஒன்றாக இருந்தும் முடிவு ஒன்றாக இல்லை.

இங்கே நிலைமை என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளை எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்குக் கட்டுரை ஒன்றுக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. ஐந்து கட்டுரை இருந்தால் போதும். ஆனால் இந்த மதிப்பெண் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதற்கு மட்டும்தான், தேர்வு முழுக்க நேர்முகத் தேர்வின் அடிப்படையில் என்று அதே விதிமுறை சொல்கிறது. வாசல்வரை எண்ணிக்கை, உள்ளே போனால் முகம். அங்கேதான் 'தகுதியானவர் எவரும் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதி, இடஒதுக்கீட்டு இடத்தைக் காலியாகவே திருப்பி அனுப்புகிறார்கள். அழைக்கும்போது தகுதியாக இருந்தவர் அரை மணி நேரத்தில் எப்படித் தகுதி இழந்தார்?

அதனால் எண்ணே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம்மில் சிலர் அப்படிச் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. எத்தனை கோணல் இருந்தாலும் எண்ணை நாமும் எடுத்துச் சரிபார்க்கலாம். நேர்முக அறைக்குள் நடந்ததை யாரும் சரிபார்க்க முடியாது. நான் கேட்பது, அளப்பதானால் முழுதாக அளக்க வேண்டும் என்பதுதான். அதே விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரியில் அத்தனை வகுப்பையும் எடுத்துவிட்டு, என்.எம்.ஆர். கருவிக்காக மாதிரியை டப்பாவில் போட்டுப் பக்கத்து மாவட்டத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோகும் வேதியியல் ஆசிரியருக்கு, கருவியும் பத்து ஆய்வு மாணவர்களும் ஒரே கட்டடத்தில் உள்ள மத்திய நிறுவனப் பேராசிரியர் சகா ஆக மாட்டார். கருவி, நிதி, வகுப்புச் சுமை, ஆய்வில் கழித்த ஆண்டுகள் இவற்றையும் பக்கத்தில் எழுதிவிட்டுப் பிறகு கட்டுரைகளை எண்ணட்டும். தேர்வு முடிந்ததும் அழைக்கப்பட்டவர்களின் மதிப்பெண்ணையும் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் மதிப்பெண்ணையும் இனவாரியாக வெளியிடட்டும்.

வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சேர்ந்த முதல் மாதத்திலேயே ஆர்க்கிட் எண் வாங்கிவிடுங்கள், இலவசம்தான். ஒரே பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லாக் கட்டுரையிலும் எழுதுங்கள். இனிஷியல் முன்னும் பின்னும் மாறினால் உங்கள் மேற்கோள் வேறொருவர் கணக்கில் ஏறிவிடும். ஆய்வகக் குறிப்பேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். யார் பெயர் எந்த இடம் என்பதை வேலை தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். காசு கேட்கும் போலி இதழ்களில் போய் விழாதீர்கள். 2022 விதிமுறைப்படி முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழக விதி என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்த பிறகு இடம் காலியாகவே இருக்கிறது என்று தெரிந்தால், உங்கள் மதிப்பெண்ணையும் குழுவின் முடிவையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும்.